சாப்பிட்டாச்சு... பணம் எப்படிக் கொடுப்பது?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை மதியம். ஓட்டலில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தவர்கள் கல்லாவில் செல்போனை நீட்டினார்கள். க்யூஆர் கோடு ஸ்கேன் ஆனது. ரகசிய எண்ணும் போட்டாயிற்று. ஆனால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'பணம் வந்தது' என்று சொல்லும் பெட்டி வாயே திறக்கவில்லை.

அன்று நாடு முழுவதும் பல மணி நேரம் யுபிஐ தடுமாறியது. அக்கவுன்ட்டில் பணம் இருந்தும் ஒரு டீக்குக் கொடுக்க வழியில்லாமல் பலர் கையைப் பிசைந்தார்கள்.

2016-ல் அறிமுகமான யுபிஐ, பத்தே ஆண்டுகளுக்குள் பூக்காரம்மாவின் கூடை வரை வந்துவிட்டது. 2025 மார்ச் மாதத்தில் மட்டும் 1,800 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் இதில் நடந்தன.

என்னதான் நடந்தது?

யுபிஐ-யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் பிறகு விளக்கம் தந்தது. 'அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா?' என்று சில வங்கிகளின் கணினிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தனவாம். பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூட திரும்பத் திரும்பக் கேள்விகள். அந்த நெரிசலில் புதிய பரிவர்த்தனைகள் சிக்கிக்கொண்டன. இத்தகைய நெரிசலைக் குறைக்கத்தான், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்ற கட்டுப்பாடு 2025 ஆகஸ்டில் வந்தது.

வர்தா சொன்ன பாடம்

சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் பணம் இல்லை, ஏடிஎம் வாசலில் நீண்ட வரிசை. 'கார்டு இருக்கிறதே' என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. கரன்ட் இல்லை, போன் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. கார்டு வெறும் பிளாஸ்டிக் அட்டையாகிப்போனது. அப்போது கைகொடுத்தது, அரிசி டப்பாவில் பாட்டி ஒளித்து வைத்திருந்த நூறு ரூபாய் நோட்டுகளும், 'அப்புறம் கொடுங்க' என்று சொன்ன அண்ணாச்சி கடை நோட்டும்தான்.

ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட ஸ்வீடனும் இதை உணர்ந்திருக்கிறது. 2024 இறுதியில் அந்நாட்டு அரசு வீடுதோறும் அனுப்பிய அவசரகாலக் கையேடு, குறைந்தது ஒரு வாரத்துக்கான ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறது.

பணம் மட்டுமா?

முன்பு பத்துப் பதினைந்து போன் நம்பர்களாவது மனப்பாடமாக இருக்கும். இன்று கணவரின் நம்பரே மனைவிக்குத் தெரியாது, போனுக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸ், ரயில் டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். நள்ளிரவில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது சார்ஜ் தீர்ந்தால்?

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

* இரண்டு மூன்று நாள் செலவுக்கான ரொக்கம், 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக.

* முக்கியமான நம்பர்களைக் காலண்டர் பக்கத்தில் எழுதி மாட்டுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நம்பராவது மனப்பாடமாகட்டும்.

* பெரியவர்களின் மருந்துச் சீட்டு, ரத்த வகை, இன்ஷூரன்ஸ் விவரம் ஆகியவற்றின் நகல் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

* இன்டர்நெட் இல்லாவிட்டாலும், வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# அழுத்திப் பணம் அனுப்பலாம். ஆனால், யுபிஐ அமைப்பே முடங்கினால் இதுவும் கைகொடுக்காது.

* கடையில் பணம் கொடுத்தது பாதியில் நின்றால் பதறி மறுபடி அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேராத பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் சாமி அலமாரியில் தீப்பெட்டி இருக்கிறதே, அதுபோல பர்ஸில் நாலு நோட்டும் இருக்கட்டும்!