பாணபத்திரர் அஞ்சிய இரவு

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆவணி மூலத் திருவிழாவில், சோமசுந்தரப் பெருமானின் திருவிளையாடல்கள் ஒவ்வொன்றாக நடத்திக் காட்டப்படுவதை அன்பர்கள் அறிவர். நரியைப் பரியாக்கிய லீலையும், பிட்டுக்கு மண் சுமந்த லீலையும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பவை. அவ்வரிசையில் விறகு விற்ற லீலையும் ஒன்று. அண்டங்களையெல்லாம் தாங்கும் பெருமான், தலையில் விறகுக் கட்டைச் சுமந்து மதுரைத் தெருக்களில் நடந்தது எதற்காக? நாளை சபையில் பாட வேண்டுமே என்று நடுங்கிய ஓர் அடியவரின் அச்சத்தைப் போக்குவதற்காக.

சபைக்கு அஞ்சும் இயல்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 'அவையஞ்சாமை' என்று தனி அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். அச்சம் இல்லாத இடத்தில் அதற்கு மருந்து சொல்ல வேண்டிய தேவை இல்லையல்லவா? வீட்டுப் பூஜையறையில் நாள்தோறும் குழைந்து பாடும் பாட்டி, கோயிலில் திருவிளக்குப் பூஜையன்று "ஒரு பாட்டுப் பாடுங்கள் மாமி" என்று யாரேனும் கேட்டதும், "தொண்டை சரியில்லை" என்று பின்வாங்குவார். நவராத்திரிக் கொலுவின் முன் அமர்ந்த பேத்தி, நன்றாகக் கற்ற கீர்த்தனையின் சரணத்தை மறந்து விழிப்பாள். இக்காட்சிகள் நம் இல்லங்களுக்குப் புதியவை அல்ல. இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நிற்பவர் பாணபத்திரர்.

சீடர்களே இப்படி என்றால்...

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் அடுத்தடுத்து வரும் சில படலங்கள் பாணபத்திரரின் வரலாற்றைக் கூறுகின்றன. வரகுண பாண்டியன் ஆட்சியில், சொக்கநாதர் திருமுன் யாழிசைத்துப் பாடுவதையே தொண்டாகக் கொண்டிருந்தவர் அவர். அக்காலத்தில் வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்னும் யாழ்வல்லான் மதுரைக்கு வந்தான். பல நாட்டு மன்னர்களிடம் விருது பெற்ற செருக்கு அவனிடம் இருந்தது. அவனோடு வாது செய்யுமாறு பாணபத்திரருக்கு அரசன் ஆணையிட்டான்.

அரசனிடம் இசைந்துவிட்டு வெளியே வந்த பாணபத்திரரின் செவியில், வீதியில் ஏமநாதனின் சீடர்கள் பாடிய பாட்டு விழுந்தது. சீடர்களே இப்படிப் பாடினால் ஆசிரியன் எப்படிப் பாடுவானோ என்று அவருடைய உள்ளம் தளர்ந்தது. நேராகத் திருக்கோயிலுக்குச் சென்று, தம்மைக் காத்தருளுமாறு பெருமானிடம் முறையிட்டார்.

பெருமான் முதியவராக வந்தார். தலையில் விறகுச் சுமை, உடன் ஒரு பழைய யாழ். ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் இளைப்பாறுவார்போல அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடினார். அந்த இசை கேட்டு உருகி வெளியே வந்த ஏமநாதன், "நீ யார்?" என்று கேட்டான். "பாணபத்திரரிடம் இசை பயிலச் சென்றேன், முதுமையால் இதற்குத் தகுதியில்லை என்று அவர் தள்ளிவிட்டார், ஆகவே விறகு விற்றுப் பிழைக்கிறேன்" என்பது விடையாக வந்தது. தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் தள்ளியவர் எப்படிப் பாடுவாரோ என்று அஞ்சிய ஏமநாதன், இரவோடிரவாக ஊரைவிட்டே அகன்றான்.

1965-ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு இந்நிகழ்ச்சி நன்கு நினைவிருக்கும். எனினும் ஒரு நுட்பத்தை எளிதில் கடந்துவிடுகிறோம். சீடர்களின் பாட்டைக் கேட்டு ஆசிரியனை அளந்ததால் பாணபத்திரர் அஞ்சினார். மாணவனாகக்கூட ஏற்கப்படாதவனின் பாட்டைக் கேட்டு ஆசிரியரை அளந்ததால் ஏமநாதன் அஞ்சினான். இருவரும் எதிராளி பாடக் கேட்டு அஞ்சவில்லை. தாமே மனத்தில் வரைந்துகொண்ட எதிராளிக்கே அஞ்சினர். சபைக் கூச்சத்தின் வேர் இதுதான். முன்வரிசையில் இருப்பவர் பிழை கண்டு நகைப்பார் என்று மனம் ஒரு சித்திரம் தீட்டுகிறது. அவரோ கண்களை மூடித் தம் இஷ்ட தெய்வத்தை எண்ணிக்கொண்டிருக்கக் கூடும்.

உடல் ஏன் நடுங்குகிறது?

ஆபத்து நேரிடும்போது ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஏற்பாட்டை இயற்கை நமக்குள் வைத்திருக்கிறது. அப்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, வாய் உலர்கிறது, கைவிரல்கள் நடுங்குகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. எதிரில் புலி நிற்கிறதா, சபை அமர்ந்திருக்கிறதா என்று உடல் வேறுபாடு காண்பதில்லை. மூச்சுக் குறைந்தால் சங்கதி நடுவில் அறுந்துபோகும். துடிப்பு விரைந்தால் பாடுபவர் அறியாமலேயே காலப்பிரமாணமும் ஓடத் தொடங்கும். ஆகவே இந்த நடுக்கம் பக்திக் குறைவின் அடையாளமன்று. திறமைக் குறைவின் அடையாளமும் அன்று. பெருமானுக்கு அணுக்கரான பாணபத்திரருக்கே அது வந்தது.

மழையில் நின்று பாடியவர்

விறகு விற்ற படலத்தோடு பாணபத்திரரின் கதை நிறைவுறுவதில்லை. பலகை இட்ட படலத்தில் வேறொரு காட்சி வருகிறது. நள்ளிரவில் திருக்கோயிலுக்குச் சென்று பாடுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். ஓரிரவு பெருமழை பொழிந்து, வீதியெங்கும் வெள்ளம் ஓடியது. அவர் நின்றுவிடவில்லை. இருளிலும் நீரிலும் நடந்து சென்று, நனைந்த உடலோடு சேற்றில் நின்றபடியே பாடினார். அவருடைய அன்பைக் கண்ட பெருமான், ஏறி நின்று பாடுவதற்குப் பொற்பலகை ஒன்றை அருளினார்.

அன்று கேட்பதற்கு அரசனில்லை, அவையில்லை, விருதுமில்லை. யாருமற்ற இடத்திலும் தவறாமல் பாடிய அந்தச் சாதகத்துக்கே பலகை கிடைத்தது. மேடை என்பதுதான் என்ன? சற்றே உயர்ந்த ஒரு பலகை! தனிமையில் உறுதியாக நின்று பாடியவருக்கு அது தானே வந்து வாய்க்கும் என்று இப்படலத்தைப் பொருள் கொள்வதில் தவறில்லை.

இறைவன் அமர்ந்த சபை

அடுத்து வருவது இசைவாது வென்ற படலம். அங்கே பாட வேண்டியவர் பாணபத்திரரின் மனைவி. அப்போது ஆண்ட இராசராச பாண்டியனின் காமக்கிழத்தியருள் ஒருத்தி அப்பாடினியிடம் பொறாமை கொண்டாள். அவள் பொருட்டு இலங்கையிலிருந்து வேறொரு பாடினி வரவழைக்கப்பட்டாள். அரசவையில் நடந்த வாதில் பாணபத்திரரின் மனைவியே நன்றாகப் பாடியும், ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட அரசன், இலங்கைப் பாடினியே வென்றாள் என்றான். மறுநாளும் அவ்வாறே நேர்ந்தது. மூன்றாம் நாள் வாது சொக்கநாதர் சந்நிதியில் நடந்தது. பெருமான் யாழ்ப்புலவராக வந்து அந்த அவையில் அமர்ந்திருந்தார். அன்று உண்மையான தீர்ப்பு வந்தது.

இம்முறை விறகுக் கட்டோடு யாரும் வந்து எதிராளியை ஓட்டவில்லை. முதல் இரண்டு நாள்களின் தோல்வியைச் சுமந்துகொண்டு, மூன்றாம் நாள் அந்த அம்மையார் தாமே பாட வேண்டியிருந்தது. இறைவன் செய்த உதவி, கேட்பவர்களில் ஒருவராக அமர்ந்திருந்ததுதான். அருள் எப்போதும் அச்சத்தை அகற்றிவிடுவதில்லை. சில வேளைகளில் அது நம்மோடு சபையில் அமர்ந்து கேட்கிறது. சபையின் தீர்ப்பு பிழைபடக் கூடும். சந்நிதியின் தீர்ப்பு பிழைபடாது. இதை உணர்ந்தவர்களுக்குக் கைதட்டலும் ஏளனமும் ஒன்றாகவே தோன்றும்.

பெரியோர் வகுத்த வழி

நம் இசை மரபிலேயே இந்த அச்சத்துக்கான மருந்துகள் அமைந்துள்ளன. இன்று வழங்கும் கச்சேரி முறையைச் செம்மைப்படுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்குவது அம்முறையின் இயல்பு. எண்ணற்ற முறை பாடிப் பழகிய உருப்படி ஆதலால், மனம் கலங்கினாலும் குரல் தன் பாதையில் செல்லும். வர்ணம் முடிவதற்குள் மூச்சும் துடிப்பும் நிதானத்துக்கு வந்துவிடும். இல்லங்களில் பாடுவோரும், புதிதாகக் கற்ற பாடலைத் தவிர்த்து, நெடுநாள் பழகிய பாடலிலேயே தொடங்குவது நலம்.

கோஷ்டி கானம் மற்றொரு மருந்து. ஸ்ரீதியாகராஜ சுவாமிகள் (1767-1847) சித்தியடைந்த திருவையாற்றில், தை மாத ஆராதனையின்போது பெரிய வித்வான்களும் இளம் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். பல குரல்களுக்கு நடுவே தன் குரல் கரையும்போது, 'நான்' என்னும் எண்ணமும் அதனோடு கரைகிறது. குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நடைபெறும் செம்பை சங்கீத உற்சவத்தில், ஆயிரக்கணக்கானோர் சில நிமிடங்களே பாடினாலும் அதைக் குருவாயூரப்பனுக்குக் காணிக்கையாகவே செலுத்துகின்றனர். காணிக்கை செலுத்த வந்தவருக்குத் தேர்வு எழுத வந்தவரின் பதற்றம் இருப்பதில்லை.

முதுமையில் பாடத் தயங்குவோர் வேறு சிலவற்றையும் மனத்தில் கொள்ளலாம். வயதோடு குரல் தணிவது இயல்பு. சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ குறைத்துக்கொள்வதில் இழுக்கில்லை. பாடத் தொடங்குமுன் கண்களை மூடி, தம்பூராவின் நாதத்தைக் கேட்டபடி நான்கைந்து முறை மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விட்டால் துடிப்பு அடங்கும். மறதி பெரும்பாலும் பாட்டின் முதல் வரியில் வருவதில்லை. சரணத்தின் தொடக்கத்தில்தான் வரும். அச்சொற்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்தால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. தாளம் விடாமல் மேலே சென்றால் போதும். பேரக் குழந்தை மேடையில் தடுமாறினால், வீடு திரும்பும் வழியில் பிழைகளை எண்ணிச் சொல்லாமல், "சுவாமிக்குக் கேட்டிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்வது பெரியவர்களின் கடமை. அந்த ஒரு வார்த்தை, அடுத்த ஆண்டும் அக்குழந்தையைக் கொலுவின் முன் அமரச் செய்யும்.

அடுத்த முறை மதுரைக்குச் செல்வோர், சொக்கநாதர் சந்நிதியில் ஒரு கணம் நின்று, விறகுச் சுமையோடு திண்ணையில் அமர்ந்து பாடிய அந்த முதியவரை எண்ணிப் பார்க்கலாம். முதுமை காரணமாக இசைக்குத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவராகவே பெருமான் தம்மைக் காட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவர் பாடிய பாட்டுத்தான் மதுரையின் மானத்தைக் காத்தது. வயதையும் குரலையும் காரணம் காட்டி வாய் மூடியிருப்போருக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமோ? சந்நிதியில் அமர்ந்து, தெரிந்த ஒரு பதிகத்தை மெல்லவேனும் பாடத் தொடங்கலாம். கேட்பவர் அங்கே எப்போதும் காத்திருக்கிறார்.