பவர் பத்திரம் எதுவரை?

"மகன் புழல் சிறையில் இருக்கிறான், சாமி. மருமகள் விவாகரத்துக் கேட்கிறாள். பவர் பத்திரம் என் பேரில். அவனுக்காக நான் சாட்சி சொல்லலாமா?" காலடிப்பேட்டை அன்னை ஒருவர் நம்மிடம் இவ்வாறு வினவினார்.

கிறிஸ்தவருக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் சிறைவாசத்தை விவாகரத்துக்குக் காரணமாகக் குறிக்கவில்லை. மருமகள் சாட்டுவது கொடுமை. அதற்கே மறுமொழி வேண்டும்.

பத்திரத்தின் வலிமையால் அன்னை வழக்கறிஞரை அமர்த்தலாம். பதிலுரையும் தாக்கல் செய்யலாம். சாட்சியமோ வேறு. ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் (அது வங்கிக் கடன் வழக்கே) உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவுறுத்தியது: பவர் பெற்றவர் அப்பத்திரத்தின்படி தாம் செய்தவற்றைக் குறித்தே சாட்சி பகரலாம், எழுதிக் கொடுத்தவர் மட்டுமே அறிந்தவற்றை அவருக்குப் பதிலாகக் கூறலாகாது. நான்கு சுவருக்குள் தம்பதியரிடையே நிகழ்ந்ததைத் தாய் எங்ஙனம் அறிவார்? தாம் கண்ணாரக் கண்டதைத் தம் பெயரிலேயே சொல்லலாம். அதற்குப் பத்திரமே வேண்டா. (திருச்சபைச் சட்டமோ பதிலாள் வழித் திருமணத்தையே ஏற்கிறது!)

மகன் வாய் திறவாவிடில் மறுப்பு ஏட்டளவில் நின்றுவிடும். சிறைக் கதவு அதற்குத் தடையன்று. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் கைதியைச் சாட்சியத்திற்கு வரவழைக்கலாம். இந்நாளில் காணொளி வாயிலாகவும் விசாரிக்க இயலும். காவலில் உள்ளோர்க்கு, வருமானம் நோக்காது, இலவச வழக்கறிஞரை 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டம் அளிக்கிறது. மகன் சிறையிலிருந்தே அதற்கு மனுச் செய்யலாம்.