எந்த உலாவி நமக்கு உகந்தது?



இணையம் என்றதும் "அது படித்த பிள்ளைகளின் சங்கதி" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரனின் கடிதத்தை வாசிப்பதற்கும், காணாமற்போனோர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதற்கும் இன்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் இணையத்துக்குள் போய் வருகிறோம். அப்படிப் போகும் வாசலுக்குப் பெயர்தான் உலாவி. பிள்ளைகள் பிரவுசர் என்பார்கள். எந்த வாசலால் போனால் என்ன, உள்ளே இருப்பது ஒன்றுதானே என்றுதான் நானும் பல வருடங்கள் இருந்தேன். அப்படி இல்லை என்பதை எனக்குக் காட்டியவர் முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா.

2011 ஆம் ஆண்டு. மகளின் சிகிச்சைக்காகப் பேராதனைக்கு வந்த அந்த அம்மா எங்கள் வாடகை வீட்டின் பின் அறையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அவருடைய மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதத்தில். கனடாவிலுள்ள தம்பியுடன் அதுபற்றித் தொடர்பு கொள்வதற்காக நகரத்திலுள்ள ஒரு கடையில் மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறந்து கொடுத்திருந்தார்கள். மகனின் வயது, உடம்பிலிருந்த தழும்பு, கடைசியாக உடுத்தியிருந்த உடுப்பு எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல, கடையில் வேலை செய்த பொடியன் தட்டி அனுப்பியிருக்கிறான்.

ஒரு நாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "உங்கட மகன் உயிரோட இருக்கிறான், இரண்டு இலட்சம் தந்தால் வெளியில எடுக்கலாம்" என்று ஒருவன் தமிழில் பேசினான். அம்மா என்னிடம் ஓடிவந்தபோது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, அவன் என்ரை மோன் போட்டிருந்த சேட்டின்ரை நிறத்தைக்கூடச் சொல்லுறான். பொய் எண்டால் அது எப்பிடித் தெரியும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. நான் தடுத்தும் கேளாமல் தோட்டை அடகு வைத்து முப்பதாயிரம் ரூபா அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

பல நாட்களின் பின்னர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவர் வழக்கமாக இருக்கும் கணனியில் இருந்து மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்கும் இடத்தில் முதலாவது எழுத்தை மட்டும் தட்டினேன். மீதிப் பெயரை உலாவியே எழுதியது. கடவுச்சொல்லையும் அதுவே இட்டது. அம்மா எழுதிய கடிதங்கள் எல்லாம் வரிசையாக என் முன்னால் திறந்து கிடந்தன. அந்தக் கதிரையில் இருந்த எவருக்கும் அப்படித்தான் திறந்திருக்கும். செய்தி அங்கிருந்துதான் கசிந்தது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அந்த விபரங்களை அவர் வேறு பல இடங்களிலும் மனுக்களில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் கதவு திறந்து கிடந்ததை என் கண்ணால் கண்டேன்.

நடந்தது இதுதான். முதல் தடவை உள்ளே போனபோது "இந்தக் கடவுச்சொல்லை ஞாபகத்தில் வைக்கட்டுமா?" என்று உலாவி கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவர் யாரோ "ஓம்" என்ற பொத்தானை அழுத்திவிட்டார். அன்றுமுதல் ஓர் உலாவியைப் பார்க்கும்போது அது எவ்வளவு வேகம் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. அது கேட்கிற கேள்வி எனக்கு விளங்குமா, நான் எழும்பிப் போன பிறகு அது என்னைப் பற்றி எதை வைத்துக்கொண்டிருக்கும் என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன்.

இந்த உலாவிகளுடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டதும் பேராதனையில்தான். 2004 இல் பல்கலைக்கழக மாணவியாக இங்கு வந்தேன். பேராதனை, கொழும்பு, மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்களை இணைக்கும் "லேர்ன்" என்ற கல்வி வலையமைப்பு 1990களிலேயே ஏற்படுத்தப்பட்டிருந்தது. கண்டிப் பக்கத்துத் தனியார் கடைகளில் நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணையம் பார்த்த அந்தக் காலத்தில், பல்கலைக்கழகக் கணனி அறையில் காசில்லாமல் பார்க்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய சலுகை. அங்கேயும் கடைகளிலும் இருந்தது ஒரே உலாவிதான்: மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரர். 2003, 2004 அளவில் உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அதைத்தான் பாவித்தார்கள். அதற்கு முன் கொடிகட்டிப் பறந்த நெட்ஸ்கேப் அப்போதே படுத்துவிட்டது.

தமிழ் வாசிக்கும் எங்களுக்கு அதை விட்டால் வேறு வழியும் இருக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. பத்திரிகையின் பக்கத்தைத் திறக்கும்போது அந்த எழுத்துருவும் தானாக வந்து இறங்கும் ஏற்பாடு பெரும்பாலும் எக்ஸ்புளோரரில் மட்டுமே சரிவர வேலை செய்தது. வேறொன்றில் திறந்தால் குறியும் புள்ளியுமாகக் குப்பைதான் தெரியும். சுவிஸில் இருந்த அண்ணா பாமினி எழுத்துருவில் அனுப்பிய கடிதம் ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்துவிட்டு, கடிதம் பழுதாகிவிட்டதென்று நான் அழுததும் உண்டு. பாமினியை ஏற்றியவுடன் அதே குப்பை "அன்புத் தங்கச்சி" என்று மாறியபோது மனிசனுக்கு வருகிற சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

இந்தத் தலையிடியைத் தீர்த்தது யுனிகோட். எந்த நாட்டுக் கணனியிலும் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே இலக்கம் என்ற ஏற்பாடு அது. 1991 முதலே அதில் தமிழுக்கு இடம் இருந்தாலும் நமது பத்திரிகைகள் அதற்கு மாற வெகு காலம் எடுத்தன. மாறிய பிறகுதான் உலாவியைத் தெரிவு செய்யும் சுதந்திரம் நமக்கு வந்தது.

2004 நவம்பர் 9 ஆம் திகதி பயர்பொக்ஸ் வெளிவந்தது. இலாப நோக்கமற்ற மொசில்லா அமைப்பினர் இதை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. இரு ஓரமும் சமமாக நிரப்பிய பந்திகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகத் தெரியும். 2008 இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்தக் குறை தீர்ந்தது. அதே வருடம் செப்டெம்பரில் கூகுளின் குரோம் வந்தது. இன்று உலகில் மூன்றில் இரண்டு பங்கினர் குரோம்தான் பாவிக்கிறார்கள். எக்ஸ்புளோரரை மைக்ரோசொவ்ற் நிறுவனமே 2022 ஜூன் 15 ஆம் திகதி இளைப்பாற்றிவிட்டது. அந்த இடத்துக்கு வந்த எட்ஜ், 2020 முதல் குரோமின் அதே அடித்தளத்தில்தான் இயங்குகிறது. ஆகவே எட்ஜ் பற்றித் தனியாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

இனி, ஒவ்வொன்றையும் பாவித்துப் பார்த்த அனுபவம்.

குரோம் உங்களுடைய அன்ட்ரொயிட் தொலைபேசியில் ஏற்கெனவே இருக்கும். வேகமானது, தமிழும் அழகாகத் தெரியும், தனது பட்டியல்களையும் தமிழில் காட்டும். ஆனால் எங்கள் வீட்டுப் பழைய கணனியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்தாலே மூச்சு வாங்கத் தொடங்கும். இன்னொன்று, இதைச் செய்த நிறுவனத்தின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருவது. நாம் எதைப் பார்க்கிறோம் என்பது அவர்களுக்குச் சரக்கு. "மறைநிலை" என்ற வசதியில் போன மக்களின் விபரங்களையும் சேகரித்ததாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், சேகரித்த பெருந்தொகைப் பதிவுகளை அழிப்பதற்கு 2024 இல் கூகுள் உடன்பட்டது.

ஒபேரா மினி நோர்வேயில் பிறந்தது. 2006 இல் உலகெங்கும் வந்தது. சின்னத் தொலைபேசிகளுக்கென்றே செய்யப்பட்டது. நாம் கேட்கும் பக்கத்தை அவர்களுடைய கணனி முதலில் வாங்கி, சுருக்கி, பிறகு எமக்கு அனுப்பும். இதனால் டேட்டா வெகுவாக மிச்சப்படும். 2022 செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் கூடியபோது, பத்திரிகை வாசிக்க நான் மறுபடியும் இதைத்தான் தேடிப் போனேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், கடிதத்தைச் சுருக்குகிறவர் அதைப் பிரித்துத்தானே சுருக்க வேண்டும்? ஆகவே அதிகூடிய சேமிப்பு முறையில் வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்க வேண்டாம். செய்தி வாசிக்கவும் சமையல் குறிப்புப் பார்க்கவும் மிகவும் நல்லது.

பயர்பொக்ஸ்தான் நான் நாளாந்தம் பாவிப்பது. இதன் தமிழ் வடிவத்தைத் தொண்டர்கள் மொழிபெயர்த்தார்கள். சில இடங்களில் மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். இருந்தாலும் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று தமிழில் கேட்டால், "வேண்டாம்" என்று சொல்ல அந்த அம்மாவுக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது. இதைவிட எனக்குப் பிடித்த வேறொரு விடயம்: மூடியவுடன் போன இடங்கள், உள்நுழைந்த கணக்குகள் எல்லாவற்றையும் தானாக அழித்துவிடும்படி அமைப்புகளில் ஒரே தடவை சொல்லி வைக்கலாம். பிறகு நாம் மறந்தாலும் அது மறக்காது. பழைய கணனி வைத்திருப்போருக்கும் இது தோள்கொடுத்தது. விண்டோஸ் 7 உள்ள கணனிகளை 2023 தொடக்கத்தில் குரோம் கைவிட்ட பிறகும், பயர்பொக்ஸின் 115 ஆம் நீண்டகாலப் பதிப்பு அவற்றுக்குத் திருத்தங்களை வழங்கி வந்தது. தையல் நிலையத்துக்கு யாரோ அன்பளிப்புச் செய்த கணனி உங்கள் ஊரிலும் இருக்கும். அதன் நிலைமை எனக்குத் தெரியும்.

குறையும் உண்டு. சில இணையத்தளங்கள் குரோமுக்கு மட்டுமே செய்தது போல இதில் முரண்டு பிடிக்கும். அந்த மொசில்லா அமைப்பின் வருமானத்தில் பெரும்பங்கு, தேடுபொறியை முன்னிருத்துவதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம் என்பதும் உண்மை. மாமியார் வீட்டுச் செலவில் தனிக்குடித்தனம் என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

உங்களிடம் குரோம் மட்டும்தான் இருக்கிறதென்றால் கவலைப்பட வேண்டாம். பொதுக் கணனியில் அமரும்போது செய்ய வேண்டியவை எல்லா உலாவிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொன்ட்ரோல், ஷிப்ட் என்ற இரு விசைகளையும் அழுத்தியபடி குரோமிலும் எட்ஜிலும் "என்" எழுத்தையும், பயர்பொக்ஸில் "பி" எழுத்தையும் தட்டினால் தனிப்பட்ட யன்னல் ஒன்று திறக்கும். அதில் செய்த வேலையின் தடயம் அந்த யன்னல்களை எல்லாம் மூடியதும் அக்கணனியின் உலாவியில் தங்காது. மறந்துபோய்ச் சாதாரண யன்னலில் வேலை செய்துவிட்டால், அதே இரு விசைகளுடன் "டிலீட்" விசையை அழுத்துங்கள். எதை அழிப்பது, எவ்வளவு காலத்துக்குரியதை அழிப்பது என்று கேட்கும். கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருந்தால் அவற்றையும் அழியுங்கள். தரவிறக்கிய படிவங்கள் வேறு. அவை கணனியிலேயே கிடக்கும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கென நிரப்பிய படிவத்தைக் கடைக் கணனியில் விட்டுவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

தனிப்பட்ட யன்னல் ஒரு மந்திரத் தாயத்து அல்ல. கடைக்காரர் அக்கணனியில் கண்காணிக்கும் மென்பொருளைப் போட்டிருந்தால் அது எல்லாவற்றையும் பார்க்கும். இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும் நாம் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது தெரியும். ஆகவே காணாமற்போனவரின் அங்க அடையாளங்கள் போன்றவற்றைக் கடையில் இருந்து எழுதாமல், நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசியிலிருந்து அனுப்புவது அல்லது செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் நேரே கையளிப்பது மேல். அடையாளங்களில் ஒன்றை எங்கும் எழுதாமல் மனதில் வைத்திருங்கள். யாராவது அழைத்துப் பேசினால் அதைக் கேட்கலாம். இது உலாவி சம்பந்தப்பட்ட விடயம் அல்லத்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே தொலைபேசி என்றால், பயர்பொக்ஸ் போக்கஸ் என்று ஒரு சிறிய உலாவி இருக்கிறது. குப்பைக்கூடைப் படத்தைத் தொட்டால் அவ்வளவும் அழிந்துவிடும்.

அந்த அம்மாவின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை அன்று அந்தக் கடையிலேயே மாற்ற வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து, எனது கணனியில் பயர்பொக்ஸைத் தமிழில் திறந்து கொடுத்தேன். திரையில் வந்த ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். புதிய கடவுச்சொல் கேட்ட இடத்தில், "பிள்ளை, நீ கொஞ்சம் அங்கால திரும்பி இரு" என்றார். நான் எழுந்து குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.