கப்பல் சுற்றுலா: அனுபவத்தைப் பகிருங்கள், மாத்திரையைப் பகிராதீர்கள்

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலில் விடுமுறை கழிக்கும் ஆசை இந்த ஊர்க் குடும்பங்களிடம் சில ஆண்டுகளாகவே வேரூன்றிவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில் அதே துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் பயணம் நீண்டது. இன்னும் வசதி உள்ளவர்கள் சிங்கப்பூருக்குப் பறந்து அங்கிருந்து கப்பலேறுகிறார்கள். போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்: எந்தத் தளத்தில் அறை எடுக்கலாம், எந்த வேளையில் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் இருக்காது, எந்தக் கரையில் இறங்கி எதைப் பார்க்கலாம் என்று. இவை பயனுள்ளவை. ஆனால் கூடவே இன்னொன்றும் வருகிறது: “நாங்க இந்த மாத்திரைதான் போட்டோம், ஒண்ணும் ஆகலை, நீங்களும் வாங்கிட்டுப் போங்க.” இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுகளை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான்கு நாள் பேதியைக் கடையில் வாங்கிய மாத்திரையால் அடக்கிக்கொண்டு, சிறுநீர் குறைந்த பிறகு வரும் முதியவர். ஒரு வாரக் காய்ச்சலுக்கு டோலோ மட்டுமே போட்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு வருபவர். இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட தவறான குறிப்பை நம்பியவர்கள்.

தானாக ஆறுவதற்கு மருந்து பெயர் வாங்குகிறது

கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலையே முதலில் எடுத்துக்கொள்வோம். அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. அசைகிறது என்று உட்காது சொல்கிறது. இந்த முரண்பாட்டுக்கு மூளை பழகிக்கொள்ளப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாள் போதும். அதற்குப் பின் குமட்டல் தானாகவே அடங்கிவிடும். முதல் நாள் எலுமிச்சை முகர்ந்தவர், இரண்டாம் நாள் புளிமிட்டாய் சப்பியவர், மூன்றாம் நாள் பக்கத்து அறைக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கியவர் என்று எல்லோருக்கும் மூன்றாம் நாள் சரியாகிறது. பெயர் என்னவோ கடைசியாகச் செய்ததற்குப் போகிறது. ஊர் திரும்பியதும் அந்த மாத்திரையின் பெயர் பத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. மருந்தே இல்லாமலும் அதே மூன்றாம் நாளில் சரியாகியிருக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை.

பழகவே பழகாத உடல்களும் உண்டு. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறிய சார்லஸ் டார்வின் ஏறக்குறைய ஐந்து ஆண்டுப் பயணம் முழுக்க இந்த உபாதையால் அவதிப்பட்டார். ஒருவருக்கு ஒத்துப்போனது இன்னொருவருக்கும் ஒத்துப்போகும் என்ற எண்ணத்துக்கு அவர் ஒருவரே போதிய மறுப்பு. நம் முன்னோர் எலுமிச்சையோடும் ஊறுகாயோடும் கப்பலேறவில்லையா என்று கேட்கலாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடிய ரஜூலா கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்துத்தான் போனார்கள். கடற்காற்றும் கண்ணெதிரே அசையாத அடிவானமும் அவர்களுக்குக் கிடைத்தன. குமட்டலைக் குறைப்பவை என்று இன்று மருத்துவம் சொல்வதும் இவற்றைத்தான். ஜன்னல் இல்லாத உள்ளறையில் படுத்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தபடி எலுமிச்சையை மட்டும் முகர்ந்தால் அதே பலன் எப்படி வரும்? இஞ்சிக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. இஞ்சி மரப்பாவை வேண்டாமென்று யாரும் சொல்லப் போவதில்லை. வெறும் வயிற்றோடு ஏறினால் வாந்தி வராது என்பது மட்டும் சுத்தத் தவறு. லேசான ஆகாரம் வயிற்றில் இருப்பதே நல்லது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள் அநேகமாக எல்லோரும் செய்கிறார்கள். முதலாவது, வாந்தி தொடங்கிய பிறகு விழுங்குவது. கப்பல் ஆட்டத்துக்கான மாத்திரை வருமுன் காக்கத்தான்; கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டாவது, வாந்தி என்றாலே ஒண்டான்செட்ரான் என்று நினைப்பது. கீமோதெரபி வாந்திக்கும் வயிற்றுத் தொற்று வாந்திக்கும் உதவும் அந்த மருந்து கப்பல் குமட்டலைத் தடுப்பதில் பெரிதாக உதவுவதில்லை. உதவக்கூடிய புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் வகை மருந்துகளோ தூக்கத்தைக் கூட்டுபவை. பிராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்; ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண் வலியும் பார்வைக் கோளாறும் வரலாம்; மதுவோடு சேர்ந்தால் மயக்கம் ஆழமாகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. பக்கத்து அறைக்காரருக்கு உங்கள் மாமனாரின் பிராஸ்டேட்டைப் பற்றி என்ன தெரியும்?

பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம்

கப்பலில் கூட்டமாக வரும் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கோ அதற்கு மேலோ வயிற்றுக் கோளாறு கண்டால் அதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பகிரங்கமாகப் பட்டியலிடும். 2024-இல் அந்தப் பட்டியலில் ஏறிய 18 நிகழ்வுகளில் 15 நோரோ வைரஸால் வந்தவை. இதைப் படித்துக் கப்பலே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. அங்கே பதிவாகும் நோரோ தொற்று நிகழ்வுகளில் கப்பல்களின் பங்கு நூற்றில் ஒன்றுதான் என்று அதே மையம் சொல்கிறது. கப்பல் சுற்றுலா பாதுகாப்பானது என்று வாதாடுபவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள், அது நியாயமும்கூட. என் வாதம் வேறு. தொற்று அபூர்வமாகவே வரட்டும். வந்துவிட்டால் நாம் செய்யும் வைத்தியம்தான் ஆபத்தாகிறது.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனாலும் பயணப் பையில் நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல் கூட்டு மாத்திரை இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, போன தடவை ‘கேட்டது’ என்பதால் இந்தத் தடவையும் வாங்கப்படுகிறது. கேட்டது மாத்திரையே அல்ல. நோரோ பேதி ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாக நிற்கும். குமட்டலில் நடந்த அதே கணக்குப் பிழைதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் குமட்டலில் அது பெரும்பாலும் தீங்கில்லாமல் முடிகிறது, இங்கே முடிவதில்லை. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல கிருமிகளைக் கொல்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, ‘வைத்தியம் நடக்கிறது’ என்ற பொய் நிம்மதியைத் தருவது. அந்த நிம்மதியில் உண்மையான வைத்தியம், அதாவது போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது, தள்ளிப்போகிறது. பேதியைச் சட்டென்று நிறுத்தும் லோபமைடும் அப்படித்தான். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போதும், சிறு குழந்தைகளுக்கும் அதைத் தொடவே கூடாது.

ஓ.ஆர்.எஸ். கரைசலின் பெருமையை நம் நாடு மறக்கலாகாது. 1971-இல் வங்க அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டு ஏராளமான உயிர்களைக் காத்தார். ஆனால் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும் என்ற ஒரே விதியைத்தான் நாம் மீறுகிறோம். கால் பாக்கெட்டை ஒரு தம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் கணக்குத் தப்பிவிடும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிவந்த இனிப்புப் பானங்களை நம்பியவர்கள் எத்தனையோ பேர். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றில் அச்சிடக் கூடாதென்று தடுத்தது. சோடாவும் குளிர்பானமும் பேதியைக் கூட்டவே செய்யும்.

கை கழுவுவது பற்றியும் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். கோவிட் காலத்தில் பழகிய சானிடைசர் நோரோ வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் சானிடைசரைத் தடவிக்கொண்டு நேரே பொதுக் கரண்டியைப் பிடிப்பவர், கை கழுவிவிட்டோம் என்றே நம்புகிறார்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள்

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வாந்தி பேதியால் உடல் வற்றும்போது, தினமும் போடும் சில மாத்திரைகள் எதிரியாகின்றன. டெல்மிசார்டன் வகை பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, உடல்வலிக்குப் போடும் டைக்லோஃபெனாக் ஆகிய மூன்றும் வற்றிய உடலில் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். கிளிமெபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழும். டாபாகிளிஃப்ளோசின் வகையைத் தொடர்ந்தால், சர்க்கரை அளவு ஓரளவுக்கு இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். இதற்கு நேரெதிராக, சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுதாக நிறுத்துவதும் சிலருக்கு உயிராபத்து. எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“சொன்னால் அறையில் அடைத்துவிடுவார்கள்”

கப்பல் மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கட்டணம். அது உண்மையான கவலைதான். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டுக் கடலில் செல்லாது என்பதால், பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும் அவசர வெளியேற்றமும் அடங்குமா என்று பார்த்து வாங்குவதே அதற்குப் பதில். இன்னொரு காரணம், அறையில் தனிமைப்படுத்திவிடுவார்கள் என்ற பயம். ஆசையாகச் சேர்த்துவைத்த பணத்தில் வந்த பயணம் நான்கு சுவர்களுக்குள் முடிவது வேதனைதான். ஆனால் மறைப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குக் கோவிட் தொற்றியது. அக்கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் இருந்தபோதும் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஊழியர்கள். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா வந்த கார்டெலியா கப்பலில் ஏறத்தாழ 2,000 பேரைப் பரிசோதித்தபோது 66 பேருக்குத் தொற்று தெரிந்தது. கூடத்தைத் துடைப்பவர், தட்டை எடுப்பவர் யாரும் விடுமுறைக்கு வந்தவர் அல்லர். வாந்தி நின்ற பிறகும் இரண்டு நாள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் இருப்பது அவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயம்.

கப்பல் மருத்துவமனை சிறியது என்பதையும் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். நாளத்தில் நீர் ஏற்றுவார்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள், பிராணவாயு கொடுப்பார்கள். மாரடைப்புக்கு அடைப்பு நீக்கும் வசதியையோ டயாலிசிஸையோ அங்கே எதிர்பார்க்க முடியாது. நடுக்கடலில் நெஞ்சுவலியை ‘வாயு’ என்று சொல்லி சோடா குடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும், கரைக்குக் கொண்டுசேர்க்கக் கிடைத்த நேரத்திலிருந்து கழிகிறது.

இறங்கிய பிறகு வரும் காய்ச்சல்

தானாக ஆறாத ஒன்றும் கப்பலில் உண்டு. வெந்நீர்க் குமிழித் தொட்டிகளில் கிருமிநீக்கம் சரியாக நடக்காவிட்டால் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து, நீர்த்துளிப் படலத்தோடு நுரையீரலுக்குள் போகும். 1994-இல் ஒரே கப்பலின் ஒன்பது பயணங்களில் 50 பேருக்கு இதனால் நிமோனியா வந்தது. தொட்டிக்குள் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அபாயம் கூடியிருந்தது. இதன் அறிகுறி இரண்டிலிருந்து பதினான்கு நாள் கழித்து, பயணியாக இருந்தவர் மறுபடி அலுவலகம் போகத் தொடங்கிய பிறகு வரும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள்.

பெங்களூரில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் எல்லோரும் முதலில் நினைப்பது டெங்கு. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசே டெங்குவைக் கொள்ளை நோயாக அறிவித்த ஊரில் அப்படி நினைப்பது தவறில்லை. ஆனால் நோயாளி கப்பலைப் பற்றி வாய் திறக்காவிட்டால் மருத்துவரும் அந்தத் திசையில் யோசிக்க வாய்ப்பில்லை. வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலத்தை மூன்று நாள் போட்டுவிட்டு வருபவருக்கு இன்னொரு இழப்பும் சேர்கிறது. லீஜியோனெல்லாவிடம் அந்த மருந்து செல்லாது, அசித்ரோமைசின் அல்லது லீவோஃப்ளாக்சசின் வகை வேண்டும். அதையும் நீங்களாக வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் வழி காட்டும்.

ஆகவே கிளம்பும் முன் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், மருத்துவரின் எதிரே உட்கார்ந்ததும் முதல் பேச்சாக “டாக்டர், நான் கப்பலில் போய்வந்தேன், இன்ன தேதியில் இறங்கினேன்” என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.