கந்தையும் கலையாகும்

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது முதியோர் வாக்கு. அக்கந்தையைக் கட்டுவதோடு நில்லாது, கலைப்பொருளாகவும் ஆக்கலாம் என்பதை இன்றைய துணிக்கலைஞர்கள் காட்டி வருகின்றனர். கைத்தறித் துணிக்கு வேராலும் பட்டையாலும் சாயமேற்றி, துண்டுகளாக வெட்டி அடுக்கி, ஓடுதையலால் இணைத்துச் சித்திரங்களை ஆக்குகின்றனர். நெசவு, சாயம், ஒட்டுத்தையல் என்னும் மூன்று தொழில்களும் இங்கே ஒன்றாகின்றன.

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுதல் தகாது. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழஞ்சேலைத் துண்டுகளை அடுக்கித் தைக்கும் ‘கவந்தி’ என்னும் போர்வையே இதற்குச் சான்று. ஓரத்தில் தொடங்கும் தையல் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். மூலைகளில் துணியை மடித்துப் பூ வைத்த பின்பே போர்வை நிறைவுபெறும்.

நெசவுக்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிழக்கிலங்கையில் மருதமுனை முஸ்லிம் மக்களின் கைத்தறி பெயர்பெற்றது. சாயமோ நம் கரையோரத்துக்கே உரியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் வளரும் சாயவேர், ஒல்லாந்தர் காலத்தில் கும்பினியாருக்கு வருவாய் தந்த பொருளாகும். அதனை அகழ்ந்து கொடுக்கும் கடமை எளிய மக்கள் மீதே சுமத்தப்பட்டிருந்தது.

அவ்வேரின் பட்டையிலே செந்நிறம் உறைகின்றது. ஆயினும் வேரை மட்டும் அவித்தால் நிறம் துணியில் நிலைக்காது. கடுக்காய் நீரிலும் பாலிலும் தோய்த்த துணிக்குப் படிகாரக் கரைசல் ஊட்டி, அதன் பின்பே சாயவேரில் அவிப்பர். படிகாரமே நிறத்தையும் நூலையும் பிணைப்பது. அவ்வேரிலுள்ள ‘அலிசரின்’ என்னும் நிறப்பொருளை 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனிய விஞ்ஞானிகள் இருவர் செயற்கையாக ஆக்கினர். தாரிலிருந்து மலிவான சிவப்புப் பிறந்தது. சாயவேரின் மதிப்பு வீழ்ந்தது.

இன்று நம் நாட்டில் துணிக்குப் பிறிதொரு பணியும் வாய்த்துள்ளது. ஹேமா ஷிரோனி, வினோஜா தர்மலிங்கம் ஆகிய இளம் ஓவியர்கள் வீடிழப்பையும் போரின் வடுக்களையும் துணியிலும் நூலிலும் பதித்து வருகின்றனர். இதன் பொருளைத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் நன்குணர்வர். 2006-ஆம் ஆண்டுப் போரில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, 2015-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக மீண்டவர்கள் அவர்கள். வீடும் மரமும் நிழற்படமும் அழிந்தவிடத்து, மூட்டையாகக் கட்டியெடுத்த துணியே ஒரு குடும்பத்தின் வரலாற்றேடாக எஞ்சுதல் கூடும்.

ஆகவே, பாட்டியாரின் பழஞ்சேலையை எறியுமுன் அதன் கதையைக் கேட்டு எழுதி வைப்போம். வெங்காயத் தோலும் மாதுளை ஓடும் சிறிது படிகாரமும் இருந்தால் மாணவர்கள் அடுப்பங்கரையிலேயே சாயமேற்றிப் பார்க்கலாம். தையலறிந்த முதுகைகள் ஓயுமுன் அவற்றினருகே அமர்ந்து கற்போமாக.