வெயிலில் தோற்ற கதிர்

கண்டிக்கு அருகே தோட்டத்துப் பிள்ளைகள் மூவர் மாணவர் போட்டிக்கென ஒரு மின்சுற்றுச் செய்தார்கள். அரைக்கும் இயந்திரத்தின் வாயருகே கை போனால், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் தடைப்பட்டு மோட்டார் நின்றுவிட வேண்டும். இரவில் நின்றது. காலை வெயிலிலோ ஓடிக்கொண்டேயிருந்தது. ஒருத்தி அழுதேவிட்டாள்.

வெயிலிலும் அக்கதிர் உண்டு. வில்லியம் ஹேர்ஷல் 1800 இல் வெப்பமானி வைத்துக் கண்டதே அதுதான். வாங்கி சூரியனைத் தன் விளக்கென்று நம்பிவிட்டது!

பிறகு 555 சில்லுகள் இரண்டைக் கொண்டு, கதிரைச் செக்கனுக்கு 38,000 தடவை என்ற கணக்கில் விட்டுவிட்டுத் துடிக்கவைத்தார்கள். அத்துடிப்பை மட்டும் அறியும் வாங்கி, பழுதான தொலைக்காட்சி ஒன்றிலிருந்து கழற்றியது.

போட்டியன்று நண்பகல், யன்னல்கள் திறந்திருந்தன. அழுத பிள்ளையே மூங்கிற் குச்சியை நீட்டினாள் (கையை நீட்ட நான் விடவில்லை). மோட்டார் நின்றது.