மைக் கேட்கும் 48 வோல்ட்

புதிதாக ஒரு கண்டென்சர் மைக் வாங்குகிறோம். பெட்டியில் மைக்கோடு ஒரு கேபிளும் இருக்கிறது. அதன் ஒரு முனை மைக்கில் பொருந்துகிறது. மறுமுனை கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் பொருந்துகிறது. ஆசையோடு பேசிப் பதிவு செய்து கேட்டால், குரல் எங்கோ தொலைவில் ஒலிக்கிறது. இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. சில மைக்குகளில் ஒன்றுமே பதிவாவதில்லை. மைக் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் அந்த மைக்கில் எந்தப் பழுதும் இருக்காது. அது இயங்கத் தேவையான மின்சாரம் அந்தத் துளையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தபடியே ஒலிநூல் வாசிப்பவர்கள், யூடியூபில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்கள் எனப் பலரும் இந்தக் கட்டத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். மைக்குக்கும் கணினிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

படலம் அசைந்தால் மின்னழுத்தம் மாறும்

மேடைப் பாடகர்கள் கையில் பிடித்திருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். அதில் ஒரு படலத்தோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்துக்குள் அசைகிறது. அந்த அசைவே மின்சாரத்தை உண்டாக்கிவிடும். வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டியதில்லை.

கண்டென்சர் மைக்கின் வழி வேறு. பள்ளியில் நாம் படித்த மின்தேக்கிதான் அதன் உயிர். ஒரு பக்கம் அசையாத உலோகத் தகடு. எதிரே சில மைக்ரான் தடிமனே உள்ள, தங்கம் பூசிய பிளாஸ்டிக் படலம். இரண்டுக்கும் இடையே சில பத்து மைக்ரான் இடைவெளி. இவற்றில் முதலில் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. நாம் பேசும்போது காற்றழுத்தம் படலத்தை உள்ளும் வெளியுமாக அசைக்கிறது. இடைவெளி மாற மாற மின்தேக்குத் திறன் மாறுகிறது. மின்னூட்டம் அப்படியே இருப்பதால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. குரலின் வடிவம் மின் வடிவமாகிவிடுகிறது.

கம்பிச்சுருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் இந்தப் படலம் மிக இலேசானது. வேகமான அதிர்வுகளுக்கும் உடனே அசைந்துகொடுக்கும். வீணைத் தந்தியை மீட்டும் அந்த முதல் நொடி, ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளின் கூர்மை, பாடகர் மூச்செடுப்பது எல்லாம் இதில் தெளிவாகப் பதிவாவது அதனால்தான்.

இந்த வகை மைக்கை 1916-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் கிறிஸ்டோபர் வென்ட்டி. ஒலியின் அளவைத் துல்லியமாக அளப்பதே அவருடைய நோக்கம். 1928-ல் பெர்லினில் கியார்க் நாய்மன் தொடங்கிய நிறுவனம் இதை வானொலிக்கும் இசைப்பதிவுக்கும் கொண்டுசென்றது. இன்றைக்கும் பெரிய ஸ்டுடியோக்களில் பாடகர் முன்னால் தொங்குவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மைக்தான்.

48 வோல்ட் எங்கிருந்து வந்தது?

இந்த மைக்குக்கு இரண்டு காரணங்களுக்காக மின்சாரம் வேண்டும். ஒன்று, தகடுகளில் மின்னூட்டம் ஏற்ற. மற்றொன்று, மைக்கின் உடம்புக்குள்ளேயே இருக்கும் சிறு மின்சுற்றை இயக்க. படலத்திலிருந்து வரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. நீண்ட கேபிளில் அதை நேரடியாக அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் மைக்குக்குள்ளேயே அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு சுற்று தேவைப்படுகிறது.

முற்காலத்தில் வால்வு வைத்த மைக்குகளுக்குத் தனியாக ஒரு மின்பெட்டி இருந்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு தேவையான மின்சாரம் மிகவும் குறைந்தது. குரலைக் கொண்டுவரும் அதே கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்ப முடிந்தது. 1966-ல் நாய்மன் நிறுவனம் நார்வே அரசு வானொலிக்காக அப்படியொரு மைக்கை உருவாக்கியது. நீண்ட குளிர்கால இருட்டைச் சமாளிக்க அந்த வானொலி நிலையத்தில் துணை விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 48 வோல்ட்தான் பிறகு உலகத் தரமானது. ‘ஃபாண்டம் பவர்’ என்று சொல்கிறோமே, அது இதுதான்.

இதன் அமைப்பு அழகானது. இந்த மைக்குகளுக்கான எக்ஸ்எல்ஆர் கேபிளில் மூன்று இணைப்புகள் உள்ளன. ஒன்று தரை, மற்ற இரண்டு சமிக்ஞைக்கானவை. அந்த இரண்டு கம்பிகளிலும் 48 வோல்ட் சம அளவில், ஒவ்வொன்றும் 6.8 கிலோ ஓம் மின்தடை வழியாக அனுப்பப்படுகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே படிக்கும். மின்சாரம் இரண்டிலும் சமம் என்பதால் அது கணக்கில் வராது; குரல் மட்டும் மிஞ்சும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து கேபிளில் ஏறிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் இரண்டு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அதுவும் இதே கழித்தலில் பெருமளவு நீங்கிவிடும்.

இனி அந்த இளஞ்சிவப்புத் துளைக்கு வருவோம். 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தக்கவைக்கும் படலத்தைக் கொண்டு ஒரு மைக் செய்தார்கள். எலெக்ட்ரெட் மைக் என்று அதற்குப் பெயர். தகடுகளுக்கு மின்னூட்டம் தர வேண்டியதில்லை; உள்ளே இருக்கும் சிறு டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட் கிடைத்தால் போதும். ஹெட்செட்டிலும் சட்டையில் மாட்டும் மைக்கிலும் இருப்பது இந்த வகைதான். கணினியின் மைக் துளை இவற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சுமார் 2 முதல் 5 வோல்ட் வரைதான் அது தரும். 48 வோல்ட் கேட்கும் மைக்கை அங்கே செருகினால் அது சரியாக உயிர்பெறாது. அதோடு, ரீங்காரத்தைக் கழிக்கும் இரட்டைக் கம்பி வசதியும் அந்தச் சிறிய பின்னில் போய்விடுகிறது.

நடுவில் தேவைப்படும் பெட்டி

இதற்கான தீர்வு ஆடியோ இன்டர்ஃபேஸ். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இந்தப் பெட்டி நான்கு வேலைகளைச் செய்கிறது. கணினியின் யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டை உயர்த்தி மைக்குக்கு 48 வோல்ட் தருகிறது. சில மில்லிவோல்ட் அளவே உள்ள சமிக்ஞையைப் பெருக்குகிறது. அதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. நாம் பேசுவதை ஹெட்ஃபோனில் கேட்கவும் வைக்கிறது.

எண்களாக மாற்றுவது எப்படி? மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பதிவு செய்ய, அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் இந்த எண்கள். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால் 65,536 படிநிலைகள் கிடைக்கும். 24 பிட்டில் அது 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். வீட்டுப் பதிவுக்கு 24 பிட் நல்லது. குரலைக் கொஞ்சம் தாழ்வாகவே பதிவு செய்து பிறகு உயர்த்தினாலும் தரம் கெடாது.

ஒருவர் மட்டும் பேசும் பதிவு என்றால் யூஎஸ்பி மைக்கே போதும். இந்தப் பெட்டியின் வேலை முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டு பேர் உரையாடவோ, குரலோடு மிருதங்கம் சேர்க்கவோ நினைத்தால் இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ்தான் வசதி. 48 வோல்ட் மட்டும் தரும் தனிப் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன. அவை மைக்கை இயக்கும். ஆனால் பெருக்குவதும் எண்ணாக்குவதும் மறுபடியும் கணினியின் அதே சாதாரணத் துளையின் பொறுப்பாகிவிடும். அதில் பணம் போடாமல் இருப்பதே நல்லது.

இணைக்கும் வரிசை

முதலில் இன்டர்ஃபேஸில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை முழுவதும் குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸைக் கணினியோடு இணையுங்கள்; விண்டோஸ் என்றால் தயாரிப்பாளர் தரும் டிரைவரை நிறுவுங்கள். எக்ஸ்எல்ஆர் கேபிளால் மைக்கை இணைத்த பிறகே 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். சில நொடிகள் பொறுத்துவிட்டுப் பேசத் தொடங்கலாம். முடித்ததும் முதலில் 48 வோல்ட்டை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து, பிறகு கேபிளைக் கழற்றுங்கள்.

கணினியின் ஒலியமைப்புப் பக்கத்தில் உள்ளீடாக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் விலை உயர்ந்த மைக் முன்னால் பேசிக்கொண்டிருப்போம். மடிக்கணினியின் உள்மைக் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும். பதிவுக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதுமானது. உருளை வடிவப் பெரிய மைக்குகள் பலவற்றில் நுனியைப் பார்த்துப் பேசக் கூடாது. பக்கவாட்டில், பெரும்பாலும் நிறுவன முத்திரை உள்ள பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

பிறகு கெயின். நீங்கள் பேசப்போகும் மிக உரத்த வரியைப் பேசிப் பாருங்கள். மீட்டரில் அது மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நின்றால் சரி. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும். படி நிரம்பிய பிறகு கொட்டும் அரிசி அளவில் சேராததுபோல, பூஜ்யத்துக்கு மேல் போன ஒலி பதிவில் சேராது. வெட்டுப்பட்ட இடத்தைப் பின்னால் முழுமையாக மீட்க வழியில்லை.

ஹெட்ஃபோனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்டால் குழம்ப வேண்டாம். கணினி ஒலியைத் தொகுப்பு தொகுப்பாகக் கையாள்கிறது. 256 அளவுகள் கொண்ட ஒரு தொகுப்பு நிரம்பவே ஏறத்தாழ 6 மில்லிநொடி ஆகும்; போக்கும் வரத்துமாக அது கூடும். இன்டர்ஃபேஸில் உள்ள ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அழுத்தினால் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும்.

அறையும் மழைக்காலமும்

கண்டென்சர் மைக்கின் நுண்மை ஒரு சுமையும்கூட. மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் ஆட்டோ, அடுக்களைக் குக்கர் எல்லாவற்றையும் அது பதிவு செய்யும். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைத் திருப்பியடிக்கும். பணம் செலவழிக்காத முதல் தீர்வு, அருகில் வருவது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலி ஏறத்தாழ அப்படியே இருக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல தூரம். ‘ப’ போன்ற எழுத்துகளில் மூச்சுக்காற்று மோதாமல் இருக்க ஒரு பாப் ஃபில்டர் வையுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதன் எதிரே மைக்கை வைத்துப் பேசலாம். ஜன்னலுக்குக் கனத்த போர்வை தொங்கவிடலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால், கோளாறு மின் இணைப்பின் எர்த்தில் இருக்கக்கூடும்; பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். படலத்தின் மின்னூட்டம் கசியாமல் இருக்க மிக உயர்ந்த மின்காப்பு தேவை. ஈரம் படிந்தால் அது கசியும்; பதிவில் பொரிவது போன்ற சத்தம் வரும். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் மைக்கை வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் இணைக்காமல் சற்று நேரம் விடுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் மைக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். நடுத்தர விலை மைக், நம்பகமான இன்டர்ஃபேஸ், அமைதியான அறை ஆகிய மூன்றும் சேர்ந்தால், மிக விலை உயர்ந்த மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு திணறுவதைவிட நல்ல பதிவு கிடைக்கும். மூலப் பதிவை எப்போதும் வேவ் கோப்பாகச் சேமித்துவையுங்கள். எம்பி3 பகிர்வதற்கு மட்டும். இணைத்து முடித்ததும் முதல் வேலையாக வீட்டுப் பெரியவர் ஒருவரை மைக் முன் உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த தாலாட்டையோ கதையையோ பதிவு செய்யுங்கள். எழுத்தில் ஏறாத அந்த உச்சரிப்பையும் இழுவையையும் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி வீட்டில் வேறில்லை.